வயிற்றைக் கட்டாமல் வீட்டுக் கடனைக் கட்ட முடியுமா?

வீட்டுக் கடனைத் தவணைக்காலத்துக்கு முன்பே அடைப்பது பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு கடிதங்களுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் கேட்டிருப்பவற்றில் பாதிக்கு அவற்றிலேயே விடை இருக்கிறது.

கேள்வி: என் கணவருக்கு மாதம் 52,000 ரூபாயும் எனக்கு 40,000 ரூபாயும் சம்பளம். சென்ற ஆண்டு 30 லட்சம் ரூபாய் கடன் வாங்கி வீடு வாங்கினோம். வட்டி 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டுகள், மாதத் தவணை 26,035 ரூபாய். ஓராண்டில் 3 லட்சத்துக்கு மேல் கட்டியும் அசலில் 60,000 ரூபாய்கூடக் குறையவில்லை என்று வங்கிக் கணக்கில் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் முடித்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். உறவினர்களோ, வரிச் சலுகை போய்விடும், கையில் இருப்பதை மியூச்சுவல் ஃபண்டில் போடுங்கள் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? — வாசகி, கோவை

பதில்: நீங்கள் பார்த்த கணக்கில் பிழை எதுவும் இல்லை, அம்மா. 30 லட்சத்துக்கு 8.5 சதவீதம் என்றால் முதல் மாத வட்டியே 21,250 ரூபாய். நீங்கள் கட்டிய 26,035 ரூபாயில் அது போக மீதியுள்ள 4,785 ரூபாய்தான் அசலுக்குப் போகிறது. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்றாலும் தொடக்க ஆண்டுகளில் அந்த மாற்றம் மிக மெதுவாகவே நடக்கும். இப்படியே 20 ஆண்டுகளும் கட்டினால் மொத்தம் ஏறத்தாழ 62.5 லட்சம் ரூபாய் கட்டியிருப்பீர்கள். வாங்கிய கடனைவிட வட்டி அதிகம்.

உங்களை அழவைத்த அதே கணக்குதான் உங்களுக்கு வழியையும் காட்டுகிறது. இன்று தவணைக்கு மேல் 1 லட்சம் ரூபாயை அசலில் கட்டி, தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தை மட்டும் குறைக்கச் சொன்னால், கடைசியில் கட்டவேண்டிய 18 தவணைகள் இல்லாமல் போகும். அந்த ஒரு லட்சம் உங்களுக்கு மிச்சப்படுத்தும் வட்டி ஏறத்தாழ 3.7 லட்சம். அதே ஒரு லட்சத்தைப் பதினைந்தாவது ஆண்டின் முடிவில் கட்டினால் குறைவது ஆறு தவணைகளுக்கும் குறைவு, மிச்சப்படும் வட்டி 50,000 ரூபாய் அளவு. இரண்டும் ஒரே பணம்தான், கட்டிய காலம்தான் வேறு. சம்பளம் உயரட்டும், பிள்ளைகள் வளரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்களிடம் நான் மன்றாடிச் சொல்வது இதைத்தான்: முதல் ஏழெட்டு ஆண்டுகளில் கட்டும் சிறிய தொகை, பின்னால் கட்டும் பெரிய தொகையைவிட அதிகம் உழைக்கும்.

பன்னிரண்டு ஆண்டுகள் என்ற உங்கள் ஆசை நியாயமானது. இன்றிலிருந்து ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய், அதாவது மாதம் சுமார் 8,300 ரூபாய் கூடுதலாகக் கட்டினால், கடன் தொடங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும். வட்டியில் ஏறத்தாழ 14 லட்சம் மிச்சமாகும். மாதம் 5,000 ரூபாயை ஒதுக்கி, தீபாவளி போனஸ், விடுப்புச் சம்பளம் ஆகியவற்றிலிருந்து ஆண்டுக்கு 40,000 ரூபாயைச் சேர்த்தால் அந்த ஒரு லட்சம் வந்துவிடும். அவ்வளவு முடியாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். மாதம் 5,000 ரூபாய் மட்டும் கட்டினாலேகூட மொத்தக் காலம் பதினான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகச் சுருங்கும்.

வரிச் சலுகை பற்றி உங்கள் உறவினர்கள் சொல்வது பழைய வரிமுறைக்குப் பொருந்தும். அதில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. புதிய வரிமுறையில் அந்தக் கழிவு இல்லை. மேலும் 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை இருப்பவர்கள் வரி கட்ட வேண்டியதே இல்லை. உங்கள் இருவரின் சம்பளமும் தனித்தனியாகவே கணக்கிடப்படும், இரண்டுமே அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கின்றன. கட்டவே வேண்டியில்லாத வரியில் சலுகை பெறுவதற்காக லட்சக்கணக்கில் வட்டி கட்டுவதில் பொருள் இல்லை.

மியூச்சுவல் ஃபண்ட் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்கிறேன். இருபது ஆண்டுகள் இடையில் கைவைக்காமல், சந்தை விழும்போது பதறி எடுக்காமல் மாதாமாதம் போட்டுவருபவர்களுக்குப் பங்குசார்ந்த முதலீடு 8.5 சதவீதத்துக்கு மேல் தரக்கூடும். தராமலும் போகக்கூடும். அடைத்த அசலுக்கான வட்டி மிச்சம் நிச்சயமானது. கடன் நினைப்பில் உறக்கம் கெடுகிறவர்களுக்கு நிச்சயமானதையே நான் முதலில் சொல்வேன். அசல் பாதியாகக் குறைந்த பிறகு, கூடுதல் தொகையில் ஒரு பகுதியை முதலீட்டுக்குத் திருப்பலாம்.

இனி அந்த ஒரு லட்சத்தை எங்கிருந்து எடுப்பது என்பதைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் பால் ஒரு பாக்கெட் குறைத்தது, நாளிதழை நிறுத்தியது, மின்விசிறியை அணைப்பது என்று இருபது சிக்கனங்களை எழுதியிருக்கிறீர்கள். கூட்டிப் பார்த்தேன், மாதம் 1,400 ரூபாயைத் தாண்டவில்லை. அதே பக்கத்தில் தவணையில் வாங்கிய கைப்பேசிக்கு 2,200 ரூபாயும், வெளியிலிருந்து வரவழைக்கும் உணவுக்கு 4,500 ரூபாயும் போவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பாலை மீண்டும் வாங்குங்கள். நாளிதழும் வரட்டும். கைப்பேசித் தவணை முடிந்ததும் அந்த 2,200 ரூபாயை வேறு எதற்கும் போகவிடாமல் அப்படியே வீட்டுக் கடனுக்குத் திருப்புங்கள். வெளி உணவை வாரம் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் சம்பளம் உயரும்போது உயர்வில் பாதியைப் பழைய செலவுகளுக்கு விட்டு, மீதிப் பாதியைக் கடனுக்கு ஒதுக்குங்கள். வாழ்க்கை ஒரு படி இறங்காமல், ஏறுவது மட்டும் சற்று மெதுவாகும். அப்படியான சிக்கனம்தான் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். மொய்யை மட்டும் வெட்ட நினைக்காதீர்கள். அது நமக்கு வந்ததைத் திருப்பிச் செய்வது. ஆண்டின் தொடக்கத்திலேயே அதற்கென ஒரு தொகையை ஒதுக்கிவிட்டால் ஆவணியிலும் தையிலும் கை கடிக்காது.

கேள்வி: கடனை ஏழு ஆண்டுகளில் அடைத்தே தீருவேன் என்று கணவர் ஒரு வைராக்கியத்தோடு இருக்கிறார். மகளின் வீணை வகுப்பை நிறுத்திவிட்டார். ஊருக்குப் போய் என் அம்மாவைப் பார்த்து எட்டு மாதங்கள் ஆகின்றன. பூ வாங்கினாலும் கணக்குக் கேட்கிறார். கடன் தீர வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் கடன் தீரும்போது நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருப்போமா என்று அச்சமாக இருக்கிறது. — வாசகி, சேலம்

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இதற்கு என் சொந்த வாழ்க்கையிலிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

1998-இல் நானும் என் கணவரும் குரோம்பேட்டையில் ஒரு சிறிய வீட்டைக் கடனில் வாங்கினோம். வட்டி இரட்டை இலக்கத்தில் இருந்த காலம் அது. நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். கணக்குத் தெரிந்தவள் என்பதால் வீட்டில் சிக்கனத்தை நானே கையில் எடுத்துக்கொண்டேன். இன்று உங்கள் கணவர் செய்வதையெல்லாம் அன்று நான் செய்தேன். இரண்டு ஆண்டுகளில் கையிருப்பு முழுவதையும் துடைத்துக் கடனில் கட்டினேன். கட்டி மூன்றாவது மாதம் மாமியாருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. வீட்டில் பணம் இல்லை. தாலிச் சரடைத் தவிர மற்ற நகைகளை அடகு வைத்தோம். அடகுக்குக் கட்டிய வட்டி, நான் வீட்டுக் கடனில் மிச்சப்படுத்திய வட்டியைத் தின்றுவிட்டது. என் கணவர் கோபித்துக்கொள்ளவில்லை. "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்றும் எனக்குள் இருக்கிறது.

அதன் பிறகு இரண்டு வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். ஆறு மாத வீட்டுச் செலவையும் ஆறு தவணைகளையும் வைப்புத்தொகையாக ஒதுக்கிய பிறகே கூடுதலாகக் கட்டுவது என்பது முதலாவது. இருவரும் சம்மதித்த செலவைத்தான் குறைப்பது, அதோடு இருவருக்கும் மாதம் ஒரு சிறு தொகையைக் கணக்குக் கேட்காமல் கொடுத்துவிடுவது என்பது இரண்டாவது. பூவும் அம்மாவுக்கு வாங்கிப்போகும் பழமும் அந்தத் தொகையிலிருந்து வர வேண்டும், அதைப் பற்றி எவரும் வாய் திறக்கக்கூடாது.

எங்களுக்குத் துணையாக இருந்தது இன்னொன்றும் உண்டு. அதே குடியிருப்பில் எங்களைப் போலவே கடன் கட்டிக்கொண்டிருந்த மூன்று குடும்பங்கள் இருந்தன. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். காப்பியும் ஒரு சுண்டலும் இருக்கும். ஆளுக்கொரு பள்ளி நோட்டுப் புத்தகம் வைத்திருந்தோம். சென்ற மாதம் என்ன செய்வதாகச் சொன்னோம், அதைச் செய்தோமா என்பதை மட்டும் படிப்போம். யாருக்கு எவ்வளவு கடன், எவ்வளவு சம்பளம் என்று கேட்பதில்லை. ஏனென்றால் தொகையை ஒப்பிடத் தொடங்கினால் ஊக்கம் போய்ப் பொறாமை வந்துவிடும். எங்களுக்குள் சீட்டும் நடத்தவில்லை, கைமாற்றும் வைத்துக்கொள்ளவில்லை. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அந்த நட்பு கெடாமல் இருப்பதற்கு அதுவே காரணம் என்று நம்புகிறேன். நால்வரில் ஒருவருக்கு வேலை போனபோது ஏழு மாதங்கள் அவர் நோட்டைத் திறக்கவே இல்லை. ஆனால் ஒரு ஞாயிறுகூட வராமல் இருந்ததில்லை. எட்டாவது மாதம், "200 ரூபாய் கூடுதலாகக் கட்டினேன்" என்று அவர் படித்தபோது எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. எங்கள் கடன் ஒன்பதாவது ஆண்டில் தீர்ந்தது. நான் தனியாக ஓடியிருந்தால் மூன்றாவது ஆண்டிலேயே களைத்து விழுந்திருப்பேன்.

உங்கள் கணவர் பொல்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. கடன் சுமையைத் தான் ஒருவரே சுமப்பதாக அவர் எண்ணிக்கொண்டிருக்கலாம். வங்கிக் கணக்கறிக்கையை இருவரும் சேர்ந்து பிரித்துப் பாருங்கள். ஏழு ஆண்டுகளில் முடிக்க எவ்வளவு, ஒன்பது ஆண்டுகளில் முடிக்க எவ்வளவு என்று கணக்கிட்டு, இரண்டுக்கும் உள்ள மாதத் தொகை வேறுபாட்டை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் பக்கத்திலேயே வீணை வகுப்புக் கட்டணத்தையும், உங்கள் ஊருக்கு ஆண்டுக்கு மூன்று முறை போய்வரும் பேருந்துக் கட்டணத்தையும் எழுதுங்கள். மகளையும் உட்காரவையுங்கள். பத்து வயதுக் குழந்தைக்கு அசலும் வட்டியும் புரியும். எதற்காகச் சிக்கனம் என்று தெரிந்த குழந்தை தானாகவே ஒரு செலவை விட்டுக்கொடுக்கும். தெரியாத குழந்தைக்கு அது தண்டனையாகத்தான் தோன்றும். வீணை வகுப்பை மட்டும் அவள் விட்டுக்கொடுக்க முன்வந்தாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கடனை எட்டாவது ஆண்டிலும் அடைக்கலாம், ஆனால் விரல்கள் வளையும் வயது திரும்ப வராது.

கேள்வி: 2021-இல் 6.75 சதவீத வட்டியில் 25 லட்சம் ரூபாய் கடன் வாங்கினேன், 240 மாதங்கள். வட்டி உயர்ந்த பிறகு, தவணை சற்றே கூடியதோடு காலமும் 300 மாதங்களைத் தாண்டிவிட்டதாக அறிக்கையில் வந்தது. ஒருமுறை 60,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினேன், வங்கி காலத்தைக் குறைக்காமல் தவணையைக் குறைத்துவிட்டது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டு என்றும் ஒருவர் சொன்னார். — வாசகர், மதுரை

பதில்: ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம், அதாவது அது வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி, 2022 மே மாதத்துக்கு முன் 4 சதவீதமாக இருந்து, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதம் ஆனது. உங்கள் வட்டியும் அதே இரண்டரை சதவீதம் ஏறி 9.25 ஆகியிருந்தால், 25 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 19,271 ரூபாய். உங்கள் தொடக்கத் தவணையோ 19,009 ரூபாய். இடையில் அசல் சற்றுக் குறைந்திருந்தாலும், தவணையை உயர்த்தாமல் கடன் முடிய மிக நீண்ட காலம் ஆகும் என்ற நிலையில், வங்கி தவணையைக் கொஞ்சமும் காலத்தை நிறையவும் கூட்டியிருக்கிறது.

இதில் உங்களுக்கும் உரிமை உண்டு. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்பதைக் கடன் வாங்கியவரே தேர்ந்தெடுக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ஆணையிட்டது. அதுவரை கட்டிய அசல், வட்டி, எஞ்சிய தவணைகளின் எண்ணிக்கை, ஆண்டு வட்டி விகிதம் ஆகியவற்றைக் காட்டும் அறிக்கையை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தர வேண்டும் என்பதும் அதில் அடங்கும். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் கட்டணம் வாங்கக்கூடாது என்ற தடை 2012 ஜூனிலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. நிலையான வட்டிக் கடன் என்றால் மட்டும் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

இனி கூடுதல் தொகை கட்டும் ஒவ்வொரு முறையும், "இத்தொகையை அசலில் கழித்து, தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்" என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகலை வாங்கிக்கொள்ளுங்கள். சில இடங்களில் அந்தத் தொகையை அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வைத்துக்கொள்கிறார்கள். அப்படி வைத்தால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஒரு தவணைக்குக் குறைவான தொகையைச் சில வங்கிகள் ஏற்பதில்லை. அங்கே தொடர் வைப்புக் கணக்கில் சேர்த்து மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கட்டலாம். 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போ விகிதம் 5.5 சதவீதமாக இறங்கியது. அந்தக் குறைப்பு உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் தவணையைக் குறைக்க வேண்டாம், பழைய தொகையையே தொடர்ந்து கட்டுங்கள். நீண்டுபோன மாதங்கள் பெருமளவு திரும்பிவரும்.

கேள்வி: பி.எஃப். பணத்தை எடுத்தோ மனைவியின் நகைகளை அடகு வைத்தோ வீட்டுக் கடனை ஒரேயடியாக முடிக்கலாமா? — வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டும் வேண்டாம். 2024-25 நிதியாண்டுக்குத் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிக்கு அறிவிக்கப்பட்ட வட்டி 8.25 சதவீதம். உங்கள் கடனின் வட்டி 8 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதிக வட்டி தரும் இடத்திலிருந்து எடுத்துக் குறைந்த வட்டிக் கடனை அடைப்பது நட்டம். ஓய்வுக்காலத்துக்கு வேறு பணமும் உங்களிடம் இல்லை. நகைக் கடன் குறுகிய காலத்தில் திருப்ப வேண்டியது. ஒரு நீண்ட கடனை அவசரமான கடனாக மாற்றிக்கொள்வதால் தூக்கம் திரும்பிவராது.

கேள்வி: பதினோரு ஆண்டுகளில் எங்கள் கடன் அடுத்த மாதம் முடிகிறது. கடைசித் தவணையைக் கட்டியதும் வேறு என்ன செய்ய வேண்டும்? — வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் மனமார்ந்த வாழ்த்துகள். கடன் தீர்ந்ததற்கான சான்றையும், அடமானத்தில் கொடுத்த அசல் பத்திரங்கள் அனைத்தையும் கேட்டு வாங்குங்கள். கடன் வாங்கியபோது வங்கி கொடுத்த ஆவணப் பட்டியலை வைத்துக்கொண்டு, தாய்ப்பத்திரம் உட்பட ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். முழுக் கடனும் தீர்ந்த 30 நாட்களுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உங்கள் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கக் கொடுத்த ஒப்புதலையும் நீக்கச் சொல்லுங்கள். ஓரிரு மாதங்கள் கழித்து, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் கடன் முடிந்ததாகக் காட்டப்படுகிறதா என்று பாருங்கள்.

பலரும் மறந்துவிடுவது சார்பதிவாளர் அலுவலகத்தைத்தான். கடன் வாங்கியபோது பத்திரங்களை ஒப்படைத்ததற்கான ஆவணம் அங்கே பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்தாலும் வில்லங்கச் சான்றிதழில் அது அப்படியே நிற்கும். பின்னாளில் வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதும்போது அது இடையூறாக வரும். வங்கியின் பிரதிநிதியோடு சென்று, கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யுங்கள். இரண்டு வாரங்கள் கழித்துப் புதிய வில்லங்கச் சான்றிதழ் ஒன்று எடுத்து, அதில் ரசீது ஆவணத்தின் எண் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பத்திரங்களைப் பீரோவில் வையுங்கள்.